உப்புக்காற்றில் நின்ற வண்டி: பழைய காம்பாக்ட் எஸ்யூவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சிங்கிள் ஓனர், முப்பத்திரண்டாயிரம்தான் ஓடியிருக்கு, ஆள் துபாயில இருக்காரு." நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை. மேற்கிலும் தெற்கிலும் கடல், வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், வீட்டுக்கு வீடு வெளிநாட்டு வேலை என்று இருக்கும் குமரி மாவட்டத்தில், வண்டி எவ்வளவு ஓடியது என்று கேட்பவர்கள் ஓடாத நேரத்தில் எங்கே நின்றது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஆறு வருட வண்டி 32,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் வருடத்துக்கு ஐயாயிரம் சொச்சம். ஓனர் லீவில் வரும் ஒரு மாதம் ஓடி, மீதி பதினோரு மாதம் போர்ட்டிகோவில் கவர் போட்டு நின்ற வண்டியாக இருக்கலாம். அப்படி நின்ற வண்டிக்கு எஞ்சின் தேய்வு குறைவு, மற்ற செலவு அதிகம். கவருக்குள் ஈரம் தங்கும். பேட்டரி பலமுறை முழுக்க இறங்கி ஏறியிருக்கும். பின் பிரேக் டிரம்முக்குள் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும். பானட்டைத் திறந்ததும் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் ஓரமும் பேட்டரி தட்டுக்கு அடியிலும் எலிப் புழுக்கை, டேப் சுற்றிய ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. ஆறு வயது தாண்டிய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், மழை ரோட்டில் பிடிக்காது. நாலு டயர், ஒரு பேட்டரி, எல்லா ஆயில், கூலன்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேட்பதுதான் நியாயம். ஸ்டெப்னியில் உள்ள தேதியையும் பாருங்கள். அது வண்டியோடு வந்த டயராக இருந்தால் வண்டியின் வயதோடு ஒத்துப்போகும்.

மீட்டர் திருப்புவது வேறு கதை. ஸ்டியரிங் தோல் வழுவழுவென்று பளபளக்கிறது, பிரேக் பெடல் ரப்பரின் ஒரு மூலை மொழுக்கையாகிவிட்டது, டிரைவர் சீட்டின் கதவுப் பக்க மேடு அமுங்கிவிட்டது, ஆனால் மீட்டரில் 32,000 என்றால் நம்ப வேண்டாம். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டில் ஒவ்வொரு வருகைக்கும் எழுதிய கிலோமீட்டரை வரிசையாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடியில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

நம் ஊரில் அதிகப் பணம் போவது இதில்தான். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று கடலோரம் முழுக்க வீடுகள். அலை தெறிக்காத தூரத்தில் நின்றாலும் காற்றில் வரும் உப்பு வண்டியின் அடியில் படிந்து, இரவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் கண்ணாடி போல இருக்கும். அடியில் இரும்பு உரிந்துகொண்டிருக்கும்.

வண்டியை வாட்டர் சர்வீஸ் கடையின் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். கழுவுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். கழுவிவிட்டால் எண்ணெய்க் கசிவின் தடம் போய்விடும். எஞ்சினைத் தாங்கும் சப்ஃபிரேம், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், பின் ஆக்சில் பீமில் சுருள் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், பிரேக் பைப், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டை, ஜாக்கி வைக்கும் விளிம்பு ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். காவி நிறத்தில் மேலோட்டமாகத் தூள் படிந்திருந்தால் கவலையில்லை, இங்கே எல்லா வண்டிக்கும் அது உண்டு. அப்பளம் போல ஏடு ஏடாக உரிந்தால்தான் ஆபத்து. ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு 'டொப்' என்று செத்த சத்தம் கொடுக்கும்.

பழைய வண்டியில் அடிப்பக்கம் மட்டும் புத்தம்புதுக் கறுப்புக் கோட்டிங் மினுங்கினால் உஷாராகுங்கள். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்துவிட்டால் உள்ளே ஈரம் சிறைப்பட்டு இன்னும் வேகமாக அரிக்கும். எப்போது அடித்தது, பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கிய புதிதில் அடித்திருந்தால் நல்லது. விற்பதற்கு முந்தின வாரம் அடித்திருந்தால் ஏன் என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

துரு தரும் தொல்லை ஓட்டையோடு நிற்பதில்லை. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் மாற்றப் போனால் போல்ட் உள் குழாயோடு ஒட்டிக்கொண்டு வராது. கட்டர் வைத்து அறுத்து, ஆர்மையே மாற்ற வேண்டியிருக்கும். சில நூறு ரூபாய் புஷ் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

முன் கிரில் வழியாக ஏசி கண்டன்சரையும் பாருங்கள். அலுமினியத் தகடுகளை விரலால் லேசாகத் தொட்டாலே சாம்பல் போல உதிர்ந்தால் உப்பு தின்றுவிட்டது என்று பொருள். ஓனரிடம், "கடைசியா எப்போ ஏசிக்கு கேஸ் அடிச்சீங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். "வருசா வருசம் அடிச்சிருவேன்" என்று பெருமையாகச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது.

டிக்கியைத் திறந்து தரை விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி, அந்தக் குழியில் கையை விட்டுப் பாருங்கள். மீன் பெட்டி, வலை ஏற்றிய வண்டியாக இருந்தால் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் அங்கேதான் தேங்கும். ரப்பர் அடைப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு, வெல்டிங் ஓரத்தில் கொப்புளம், எத்தனை சென்ட் அடித்தாலும் போகாத வாடை எல்லாம் சேர்ந்து வரும். அதே குழியில் தகடு மடிந்து நிமிர்த்திய சுருக்கம் தெரிந்தால் பின்னாலிருந்து இடி வாங்கிய வண்டி.

விபத்துக்கு இன்னும் இரண்டு இடம் போதும். கதவின் ரப்பர் பீடிங்கை இழுத்து, உள்ளே கம்பெனி ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள். பானட், மட்கார்டு போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். நம் சந்துகளில் ஓடும் வண்டிக்குப் பம்பர் பெயின்ட் அடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். அதைச் சொல்லிப் பேரம் பேசலாம், வண்டியை ஒதுக்க வேண்டாம். கூரையைத் தாங்கும் பில்லரிலோ கூரையிலோ பட்டி பார்த்திருந்தால் மட்டும் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் சந்தைக்கு வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்து மாவட்டங்களான திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடி நுனியில் சேற்றுக் கறை இருக்கும். சீட் தண்டவாளம் துருப்பிடித்திருக்கும். நடுக் கன்சோலுக்கு அடியில்தான் பெரும்பாலும் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது. அதில் தண்ணீர் ஏறிய வண்டி விபத்தில் உங்களைக் காப்பாற்றும் என்று எண்ண முடியாது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான்.

பெயரைப் பார்த்து வாங்குவது, எஞ்சினைப் பார்க்காமல்

ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் உண்டு. மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 2016இல் வந்தபோது 1.3 லிட்டர் டீசல் மட்டும்தான். 2020இல் டீசல் போய் 1.5 லிட்டர் பெட்ரோல் வந்தது. டீசல் வைத்திருந்தவர் சொல்லும் மைலேஜைக் கேட்டுவிட்டுப் பெட்ரோல் வாங்கினால் ஏமாற்றம்தான். ஃபோர்டின் இகோஸ்போர்ட் 2013இல் இங்கே வந்தது, அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஓட்டுவதற்கு இன்றும் அருமையான வண்டி. ஆனால் இந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்குமுன், உங்கள் மெக்கானிக்கிடம் ஹெட்லைட், பம்பர், கண்ணாடி எத்தனை நாளில் வரும் என்று கேட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் மேனுவலில் சொன்ன கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியதற்கு பில் வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வோடு பிஸ்டன் மோதி எஞ்சினே போகும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க வண்டி இடைவிடாமல் பதினைந்து, இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே தினமும் ஊர்ந்து போய் வந்த டீசலுக்கு அந்த வாய்ப்பே கிடைத்திருக்காது. வடிகட்டி அடைத்து, எரிய வேண்டிய டீசல் ஆயிலில் கலந்து, ஆயில் மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடை அடித்தால் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஓட்டமும் தினம் இருபது கிலோமீட்டருக்குள் என்றால், வாரம் ஒருமுறையாவது நான்குவழிச் சாலையில் திருநெல்வேலிப் பக்கம் போகாதவர் என்றால், பெட்ரோலே நிம்மதி.

டர்போ பெட்ரோலோடு வரும் ட்ரை (எண்ணெயில் மூழ்காத) டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மார்த்தாண்டம் நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்தால் சூடாகும். டெஸ்ட் டிரைவில் ஏற்றத்தில் நிறுத்தி மெதுவாக நகர்த்தும்போது உதறினால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது.

யாருடைய அனுபவம்?

"அந்த வண்டி எப்படி?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வாங்கி ஆறு மாதமானவர் புகழ்வார், விற்கப் போகிறவர் "ஒரு பிரச்சினையும் இல்ல" என்பார். இரண்டும் உதவாது. அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், குறைந்தது நான்கு வருடம், உங்களைப் போன்ற ரோட்டில் ஓட்டியவரைத் தேடிப் பிடியுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுக்கு ஏறி இறங்குபவரின் கிளட்ச் ஆயுளும், கன்னியாகுமரியிலிருந்து மதுரைக்கு நேராக ஓட்டுபவரின் கிளட்ச் ஆயுளும் ஒன்றாக இருக்காது. கருத்தைவிட பில் கேளுங்கள். ஒரே பார்ட் இரண்டாவது முறை மாறியிருக்கிறதா என்பதுதான் கண்ணில் பட வேண்டியது. லிங்க் ராட், ஸ்டெபிலைசர் புஷ் நாற்பதாயிரம் கிலோமீட்டரில் மாறியிருந்தால் அது நம் ரோட்டின் கூலி. அதே வேலை வருடம் தோறும் என்றால் வேறு காரணம் இருக்கிறது. மைலேஜ் எண்ணை மீட்டர் காட்டுவதிலிருந்து சொல்கிறாரா, டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டாரா என்றும் கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள், குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். டைமிங் செயின் சலசலப்பு, நீலப் புகை எல்லாம் முதல் நிமிடத்தில் தெரியும். வடசேரியைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வருவது டெஸ்ட் டிரைவ் இல்லை. ஏசி போட்டு நெரிசலில் இருபது நிமிடம், பிறகு ஆரல்வாய்மொழி வரை. மூன்றாவது கியரில் நாற்பது வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முப்பந்தல் காற்றில் உயரமான வண்டி ஒரு பக்கம் தள்ளப்படும், அதை அலைன்மென்ட் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. திரும்பி வரும்போதும் அதே கைப்பக்கம் இழுத்தால்தான் கோளாறு.

பேப்பரை மெதுவாகப் பார்க்கலாம் என்று விடுவது

எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் விலை குறைவு என்று கேஎல் வண்டி வாங்குபவர்கள் நிறைய. அந்த ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே படிவம் 27 கொடுத்து, வண்டியின் வயதுக்கு ஏற்ற வரியைக் கட்டி டிஎன் 74 அல்லது 75 எண் வாங்க வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டம் விடாது. வரியையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பல நேரம் மலிவாக இருக்காது.

ஆர்சியில் லோன் பதிவு இருந்தால், பேங்க் சான்றும் லோன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் பாலிசியில், கிளைம் கேட்காத வருடத்துக்குத் தரும் நோ கிளைம் போனஸ் சதவீதம் பாருங்கள். அது 20, 25, 35, 45, 50 என்று வருடா வருடம் ஏறும். ஐந்து வருட சிங்கிள் ஓனர் வண்டியில் 20 என்று இருந்தால் அண்மையில் கிளைம் எடுத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேளுங்கள். அந்த போனஸ் ஓனருக்கே உரியது, உங்களுக்கு வராது. பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்காவிட்டால், உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் கிளைம் கிடைப்பது கஷ்டம்.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. எனவே பெயர்மாற்றப் படிவம் 29, 30-இல் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு "பேரு பிறகு மாத்திக்கிடலாம் அண்ணே" என்று புரோக்கர் சொன்னால் இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளக் கூடாது. சேசிஸ் எண்ணை வண்டியில் நேரில் படித்து ஆர்சியோடு ஒப்பிட்டு, நிலுவை அபராதத்தை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்து, பெயர்மாற்ற விண்ணப்பம் பதிவான ரசீது வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபாஸ்டேகை அன்றைக்கே அவரை மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாங்குநேரி சுங்கச்சாவடியில் நீங்கள் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு மெசேஜ் போய்க்கொண்டே இருக்கும்.