கை பழகிய பிறகு வேலையை விடுங்கள்: செட்டிநாட்டில் பியூட்டீஷியன் ஆக விரும்புவோருக்கு

பள்ளிக்கூட வேலையோ, ஜவுளிக்கடைக் கணக்கோ, எதை விட்டு வருவதானாலும் இந்தத் தொழிலில் இறங்கும் நாளைத் தமிழ் மாதம் பார்த்து வையுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதி பக்கம் பார்லர் வருமானம் முகூர்த்த நாட்களோடு ஏறி இறங்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. ஆவணி, தை, வைகாசியில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியில் வகுப்பில் சேர்ந்தால் மார்கழி முடிவதற்குள் அடிப்படை கைக்கு வரும். தையில் அனுபவமுள்ள ஒருவருக்கு உதவியாளாகப் போகலாம். அதுவரை பழைய சம்பளத்தை விட வேண்டாம். விடும்போது ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும்.

எங்கே படிப்பது

வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஏறக்குறைய ஒரு மாத பியூட்டி பார்லர் பயிற்சி உண்டு. கட்டணம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருவார்கள். அடுத்த அணி எப்போது என்று உங்கள் மாவட்டத்து நிலையத்தில் கேளுங்கள். நேரம் இருப்பவர்களுக்கு ஐடிஐயில் ஓராண்டு காஸ்மெட்டாலஜி படிப்பு இருக்கிறது. தனியார் நிலையம் என்றால் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பொம்மைத் தலையில் மட்டுமா, ஆட்கள் மேலும் பயிற்சி உண்டா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? பொருள் செலவு கட்டணத்தில் அடங்குமா? ஒரு மாதச் சான்றிதழை நம்பி மணப்பெண்ணின் முகத்தில் கை வைப்பது தவறு. தொழில் கற்றுத் தருவது எண்ணிக்கைதான். நூறு ஜோடி புருவம் செய்ததாக ஒரு நோட்டில் கணக்கு எழுதும்வரை அக்கம்பக்கத்தாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் காசு வாங்காமல் செய்து பழகுங்கள்.

புருவம்தான் முதல் பாடம்

வாடிக்கையாளரைத் திரும்பத் திரும்ப வரவைப்பது த்ரெட்டிங், அதாவது நூலால் புருவ முடியை எடுப்பது. சுமார் இரண்டடி நீளப் பருத்தி நூலை எடுத்து நடுவில் எட்டுப் பத்து முறுக்கு போடுங்கள். நூலைப் பல்லில் கடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எச்சில் பட்ட நூல் அடுத்தவர் முகத்தில் படக் கூடாது. ஒரு முனையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு செய்யப் பழகுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய நூல் குப்பைக்கு.

வடிவத்துக்கு மூன்று புள்ளி. மூக்கின் ஓரத்திலிருந்து நேர்மேலே போகும் கோட்டில் புருவம் தொடங்கும். அதே ஓரத்திலிருந்து கண்மணி வழியாகச் சாயும் கோட்டில் வளைவு. கண்ணின் வெளிமுனை வழியாகப் போகும் கோட்டில் முடிவு. கீழ்ப்பக்கத்திலிருந்து சில முடிகளாக எடுத்து, இரண்டு புருவத்தையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போனால், சமப்படுத்துகிறேன் என்று இரண்டும் மெலிந்துவிடும்.

தோல் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் தோல் தளர்ந்திருந்ததுதான் காரணம். இமையை ஒரு கையால் கீழேயும் நெற்றியை மறு கையால் மேலேயும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். முடி வேரோடு வராமல் பாதியில் அறுந்தால் நூல் தொய்ந்திருக்கிறது, அல்லது தோலைவிட்டு விலகியிருக்கிறது.

வேக்ஸிங், சுத்தம்

முடி 5 முதல் 6 மி.மீ. இருந்தால்தான் வேக்ஸ் பிடிக்கும். வேக்ஸின் சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பாருங்கள். முடி வளரும் திசையில் மெல்லியதாகத் தடவி, மேலே துணிப் பட்டையை ஒட்டி, எதிர்த்திசையில், தோலை ஒட்டியபடி இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் தோல் கன்றிப்போகும். முடி ஒடிந்து உள்ளேயே வளரும். நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்வையால் சர்க்கரை வேக்ஸ் இளகிப் பிசுபிசுக்கும். பவுடர் போட்டு, மின்விசிறியின் கீழ் செய்யுங்கள். ஒருமுறை தோலில் பட்ட, வேக்ஸ் தடவும் கட்டையைத் திரும்ப டப்பாவில் விடாதீர்கள்.

தொடுமுன் கேட்க வேண்டியது: பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஐசோட்ரெட்டினாயின் என்ற பரு மாத்திரை எடுப்பவர்களுக்கு வேக்ஸ் போட்டால் தோலே உரிந்து வரும். நிறுத்தி ஆறு மாதம் ஆக வேண்டும். சீழ் வைத்த பரு உள்ள முகத்தில் ஸ்க்ரப்பும் மசாஜும் கூடாது.

கத்தரி, ட்வீசர் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் 10 நிமிடம் மூழ்க வையுங்கள். பார்லர்களில் இருக்கும் நீல விளக்குப் பெட்டி (புற ஊதா விளக்கு) கழுவிய கருவியை வைக்கும் அலமாரி மட்டுமே; அழுக்கை அது எடுக்காது.

வெள்ளையாக்கித் தரச் சொல்லி வருவார்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஃபேஷியல் கிரீமோடு கலந்து கொடுக்கும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு வாரம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடிக்கும். அது மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து.

கல்யாண வீட்டு வேலை

இங்கே நல்ல வருமானம் இதில்தான், தவறுக்கு இடமில்லாததும் இதில்தான். சிங்கப்பூர், மலேசியா, சென்னையிலிருந்து மணப்பெண் முதல்நாளோ அதற்கு முந்தினநாளோதான் வந்து இறங்குவார். தலைச்சாயத்துக்கு 48 மணி நேரம் முன்பே காதின் பின்புறம் சோதித்துப் பார்த்தாக வேண்டும். ஆகவே அவர் இருக்கும் ஊரிலேயே அதே சாயத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் சாயம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மருதாணி இரண்டு நாள் முன்பே போட வேண்டும், நிறம் ஏற அத்தனை நேரம் பிடிக்கும். உடனே கறுக்கும் 'கறுப்பு மருதாணி'யில் தலைச்சாய ரசாயனம் இருக்கும், கை கொப்பளிக்கும்.

நலங்கு மஞ்சள் முகத்தில் தங்கினால் ஃபவுண்டேஷன் நிறம் தவறாகத் தெரியும். முந்தின நாள் முகத்துக்கு மஞ்சள் குறைவாகப் பூசச் சொல்லி, எண்ணெய் வகை க்ளென்சரால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பெரிய வீடுகளில் உள்ளறை விளக்கு மஞ்சளாக இருக்கும்; அதை நம்பி நிறம் தேர்ந்தால் வளவுக்கு (வீட்டின் நடு முற்றத்துக்கு) வந்ததும் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். தாடையிலும் கழுத்திலும் பூசி, வளவின் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். மாநிறத்துக்குக் கண்ணடிக் கருமையின் மேல் முதலில் ஆரஞ்சு கரெக்டர் (கருமையை மறைக்கும் பூச்சு).

நகரத்தார் வீட்டில் கல்யாணத்தில் பூட்டும் பெரிய தங்கத் தாலியான கழுத்திரு நெஞ்சில் கனமாக விழும். முந்தானை மடிப்பை அதற்கு முன்பே உறுதியாகப் பின் குத்துங்கள். கழுத்துப் பூச்சைப் பவுடரால் இறுக்கி, ஹேர் ஸ்ப்ரேயும் சென்ட்டும் முடிந்த பிறகே நகை. எந்த நகை எப்போது என்பதை வீட்டு ஆச்சிமாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முகூர்த்தம் 6 மணி என்றால் முடிக்கு 45 நிமிடம், முகத்துக்கு 75, சேலைக்கு 30, நகைக்கும் பூவுக்கும் 30; ஆக மூன்று மணி நேரம், தாமதத்துக்கு அரை மணி. 2.30க்குத் தூரிகை கையில் இருக்க வேண்டும். இரவுத் தங்கலும் வண்டியும் கூட வரும் ஆளும் கட்டணத்தில் சேர்த்தே பேசுங்கள்.

காசு

பக்கத்துக் கடை விலையைப் பார்த்து உங்கள் விலையை வைக்காதீர்கள். 600 ரூபாய் ஃபேஷியல் பெட்டி 12 பேருக்கு வந்தால் பொருள் மட்டும் 50 ரூபாய். அதோடு துணி, பஞ்சு, மின்சாரம், வாடகை, உங்கள் ஒரு மணி நேரம். வீட்டு முன்னறையில் தொடங்குபவருக்கு வங்கியில் முத்ரா சிசு (மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டம்) கடன் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். கடை போட்டால் உள்ளாட்சியில் டிரேட் லைசென்ஸ் எடுங்கள். இடம் பேசும்போதே தண்ணீரைப் பாருங்கள்: உப்பு ஏறிய போர் தண்ணீரில் ஷாம்பு நுரைக்காது, முடி விறைக்கும், அலச நல்ல தண்ணீர் தனியாக வாங்க வேண்டிவரும்.

கல்யாண முன்பணத்தைத் தேதி, முகூர்த்த நேரம், எத்தனை பேருக்கு அலங்காரம், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வாங்குங்கள். ஒரே முகூர்த்த நாளில் இரண்டு வீட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.