ரங்கனதிட்டில் நான் வாங்கிய திட்டு

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் போன வாரம் வந்தான். "அண்ணா, ஆடிப்பெருக்குக்கு லீவு சொல்லியாச்சு, ரங்கனதிட்டு போறோம், வேன் பேசி முன்பணமும் குடுத்தாச்சு" என்றான். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. தொப்பி எடுத்துக்கொள், முதலை கிடக்கிற ஆற்றில் கையை விடாதே என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விடுங்கள். அங்கே போகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

அணை திறந்திருக்கும்போது போவது

ரங்கனதிட்டு என்பது கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் காவிரிக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்னத் திட்டுகள். 1640களில் மைசூர் மன்னர் ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணையால் உண்டானவை. பறவை ஆய்வாளர் சாலிம் அலி எடுத்துச் சொல்லி, 1940இல் மைசூர் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக்கியது. திட்டில் காலை வைக்க விடமாட்டார்கள். வனத்துறைப் படகில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எல்லாமே.

ஆற்றில் சற்று மேலே கிருஷ்ணராஜசாகர் (கே.ஆர்.எஸ்.) அணை இருக்கிறது. குடகில் மழை கொட்டி, மதகைத் திறந்து நிறையத் தண்ணீர் விட்டால் படகு நின்றுவிடும். வெள்ளம் பெரிதானால் திட்டுகளே முழுகும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அன்று வெயில் பளீரென்று அடிக்கும். அதுதான் ஏமாற்றுவது.

நானும் ஏமாந்தேன். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய விடுமுறையில் ஓசூரிலிருந்து பதினான்கு பேர். விடியற்காலை மூன்று மணிக்கு எல்லோரையும் எழுப்பிக் கூட்டிப்போனேன். வாசலில் கன்னடத்தில் ஒரு பலகை. இன்று படகு இல்லை என்று படித்துச் சொன்ன டிரைவர் சிரித்தார். உள்ளே கரையோரமாக நடந்தோம். செம்மண் நிறத்தில் ஆறு இரைந்து ஓடியது. மரத்தில் தலைகீழாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்கள்தான் அன்றைக்குக் கிடைத்த தரிசனம். "வௌவாலைக் காட்டவாடா மூணு மணிக்கு எழுப்புன?" என்று அத்தை கேட்டது இன்னும் எல்லாக் கல்யாணத்திலும் ஓடுகிறது.

இத்தனைக்கும் காவிரித் தண்ணீர் நிலவரத்தைத் தினமும் பேப்பரில் படிக்கிறவர்கள் நாம். ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை, பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அதிகரிப்பு என்று செய்தி வந்தால், இரண்டு வரி கீழே போய், கே.ஆர்.எஸ்.ஸிலிருந்து எவ்வளவு கன அடி திறந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். காவிரியில் கலக்கிற கபினி ஆற்றுத் தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். அது திருமகூடலு நரசிபுரத்தில், ரங்கனதிட்டைத் தாண்டிக் கீழேதான் வந்து சேர்கிறது. ஆடிப்பெருக்கு எதற்குக் கொண்டாடுகிறோம்? ஆற்றில் புதுவெள்ளம் வருகிறது என்றுதானே! அதே நாளில் படகும் வேண்டுமென்றால் எப்படி? எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் வேன் பேசுகிறார்கள்.

வேடந்தாங்கல் கணக்கைப் போடுவது

மார்கழி, தை என்றால் வேடந்தாங்கல் களைகட்டியிருக்கும். அதே நினைப்பில் டிசம்பரில் இங்கே வந்தால் பறவைகள் இருக்கும், ஆனால் கூடுகள் நிறையக் காணக் கிடைக்காது. மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகளைப் பார்க்க ஆசை என்றால் மார்ச், ஏப்ரல்தான். உச்சி வெயிலில் தாய் நாரை இறக்கையைக் குடைபோல விரித்து நிற்கும். அந்த நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் நமக்கும் சுடும், சரி, பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை போவது

வேண்டாம். கூட்டம்.

நாரையையும் முதலையையும் மட்டும் பார்ப்பது

படகு பாறையை ஒட்டிப் போகும்போது எல்லோரும் முதலையைத் தேடுவார்கள். பாறையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தகைவிலான் என்ற சின்னப் பறவைகள் மண்ணை உருட்டி உருட்டி ஒட்டிய கூடுகள், சின்னப் பானைகளைப் போல நெருக்கமாக, வாயை வெளியே காட்டிக்கொண்டு இருக்கும்.

கேமராவுக்கு முக்காலி

படகு ஆடும். வீட்டிலேயே இருக்கட்டும்.

அப்புறம், தம்பிக்கு வேன்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லையாம். மார்ச்சுக்கு மாற்றிக்கொண்டான். எனக்கும் ஒரு சீட்டு போட்டிருக்கிறான். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.