வில்லெம்ஸ்டாடில் ஒரு காலைநடை: மணல் பரப்பிய ஜெப ஆலயத்திலிருந்து அன்னம்மாள் பசிலிக்கா வரை

குராசோ தீவு வெனிசுவேலா கரைக்கு வடக்கே, கரீபியன் கடலில் இருக்கிறது. நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட தீவு. தலைநகர் வில்லெம்ஸ்டாடின் நடுவே கடல் ஒரு கால்வாய் போல உள்ளே நுழைகிறது. அதற்கு அன்னம்மாளின் பெயர்தான்: சிந்த அன்னா விரிகுடா. கிழக்குக் கரை புண்டா, மேற்குக் கரை ஒட்ரோபாண்டா. உள்ளூர் மொழியான பாப்பியமென்டோவில் ஒட்ரோபாண்டா என்றால் 'அக்கரை'.

இந்த நடை புண்டாவில் உள்ள யூத ஜெப ஆலயத்தில் தொடங்கி, அக்கரையில் உள்ள கத்தோலிக்கக் கோவிலான புனித அன்னம்மாள் பசிலிக்காவில் முடிகிறது. தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் கால் மணி நேரம். ஆனால் மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் யார் எங்கே கும்பிட்டார்கள், ஏன் அங்கே கும்பிட்டார்கள் என்ற கதை முழுவதும் இந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் நடையே வேறாகிவிடும்.

கிளம்பும் முன்

திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் ஜெப ஆலயத்தில் வழிபாட்டு நேரம், சுற்றிப் பார்க்கப் போகக்கூடாது. காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் அங்கே இருந்தால் நல்லது.

வில்லெம்ஸ்டாட் ஏறக்குறைய நம் புதுச்சேரியின் அட்சரேகையில்தான் இருக்கிறது. வெயிலும் அதே வெயில்தான். ஆனால் கிழக்கிலிருந்து காற்று ஓயாமல் வீசுவதால் சூடு உறைக்காது, தோல் எரிய ஆரம்பித்த பிறகுதான் தெரியும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை போட்டுக்கொள்ளுங்கள், நாம் பார்க்கப்போகும் எல்லா இடத்துக்கும் அதுவே போதும். அமெரிக்க டாலரைப் பெரும்பாலான இடங்களில் வாங்கிக்கொள்வார்கள். எதிர்ப்படுபவரிடம் 'பொன் டியா' (காலை வணக்கம்) சொல்லுங்கள். சொல்லாமல் நேரே கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

படி 1: ஸ்னோவா, மணல் தரை

மிக்வே இஸ்ரேல்-எம்மானுவேல் என்பது ஆலயத்தின் முழுப்பெயர். ஊரில் அப்படிக் கேட்டால் சிலர் யோசிப்பார்கள். 'ஸ்னோவா' என்று கேளுங்கள், உடனே கை காட்டுவார்கள். போர்த்துகீசிய மொழியில் ஜெப ஆலயத்துக்கு இருந்த எஸ்னோகா என்ற சொல் தேய்ந்து ஸ்னோவா ஆனது. அது இருக்கும் சந்துக்கே 'ஹாஞ்சி டி ஸ்னோவா' என்றுதான் பெயர்.

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் கத்தோலிக்கச் சபையின் சமய விசாரணைக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாமில் ஒதுங்கிய யூதர்களின் வழிவந்தவர்கள் 1651ல் இங்கே சபையைத் தொடங்கினார்கள். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1732ல் திறக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் இடைவிடாமல் வழிபாடு நடந்துவரும் ஜெப ஆலயங்களில் இதுவே மிகப் பழையது.

நுழைவுக் கட்டணம் உண்டு, அருங்காட்சியகமும் அதில் அடக்கம். ஆண்கள் தலையை மறைக்கவேண்டும். குல்லாய் இல்லையென்றால் வாசலிலேயே கேளுங்கள்.

இப்போது நமக்குப் பழக்கமில்லாத ஒன்று. வழிபாட்டு இடம் என்றதும் கை தானாகச் செருப்பைக் கழற்றப் போகும். இங்கே கழற்ற வேண்டாம். உள்ளே தரை முழுக்க மணல்! கடற்கரை மணல் மாதிரி வெளிர்நிறம். அதன்மேல் செருப்போடுதான் நடக்கவேண்டும்.

இரண்டு அடி வைத்துவிட்டு நின்று கேளுங்கள். உங்கள் காலடி ஓசை கேட்காது. மணலுக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று அதுதான்: வெளியே கிறிஸ்தவர்களாக வாழ்ந்து, வீட்டுக்குள் ரகசியமாக ஜெபித்த முன்னோர்கள், காலடிச் சத்தம் அக்கம்பக்கத்தில் கேட்காமல் இருக்கத் தரையில் மணல் பரப்பினார்களாம். இஸ்ரவேலர் பாலைவனத்தில் நாற்பது ஆண்டு அலைந்ததன் நினைவு என்பது இன்னொரு காரணம். உன் சந்ததியைக் கடற்கரை மணலைப் போலப் பெருகப்பண்ணுவேன் என்று ஆபிரகாமுக்குக் கிடைத்த வாக்குறுதியையும் சொல்வார்கள். மூன்றில் எது முதலில் வந்தது என்று நான் வாதாட மாட்டேன். அந்த அமைதியில் நிற்கும்போது முதல் காரணம்தான் என் நெஞ்சைத் தொட்டது. பயந்து பரப்பிய மணலை, பயம் போன பிறகும் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

பிறகு தலையை நிமிர்த்துங்கள். கூரையைத் தாங்கும் நான்கு பெரிய தூண்களுக்கு சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் என்று யூத குலத்தின் நான்கு மூதன்னையரின் பெயர்கள். மேலே பித்தளைச் சரவிளக்குகள், அவற்றில் ஏற்றுவது மெழுகுவர்த்திதான். மஹோகனி மரவேலைப்பாட்டின்மேல் நீலக் கண்ணாடி வழியே வெளிச்சம் விழும். அவசரமில்லாமல் ஒரு மரப் பலகையில் உட்கார்ந்து பாருங்கள். முற்றத்தில் பழைய யூதக் கல்லறைக் கற்களின் வார்ப்புப் பிரதிகள் இருக்கின்றன. மூலக் கற்கள் பெத் ஹாயிம் என்ற இடுகாட்டில் உள்ளவை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகை பட்டுப்பட்டு அரித்துப்போய்விட்டன. அதனால் அந்தச் செதுக்கல்களைத் தெளிவாகப் பார்க்க இந்தப் பிரதிகள்தான் வழி.

படி 2: கோட்டைக்குள் ஒரு தேவாலயம்

ஸ்னோவாவிலிருந்து கொலம்பஸ்ஸ்ட்ராட் வழியாகக் கடல் இருக்கும் தெற்குப் பக்கம் நடங்கள். சில நிமிடத்தில் மஞ்சள் சுவர்களோடு ஆம்ஸ்டர்டாம் கோட்டை தெரியும். 1634ல் டச்சுக்காரர்கள் ஸ்பானியரிடமிருந்து தீவைப் பிடித்தார்கள், அடுத்த ஆண்டே கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். ஆளுநர் மாளிகையும் அரசு அலுவலகங்களும் இன்றும் இதற்குள்தான். முற்றம் வரை தாராளமாகப் போகலாம்.

உள்ளே நிற்பது 1769ல் கட்டிய புராட்டஸ்டன்ட் கோட்டைத் தேவாலயம். வெளிச்சுவரில் பீரங்கிக் குண்டு ஒன்று பதிந்தபடியே இருக்கிறது, தேடிக் கண்டுபிடியுங்கள். 1804ல் ஆங்கிலேயர் தாக்கியபோது வந்து பதிந்தது. அந்தத் தாக்குதலை நடத்தியவர் கேப்டன் பிளை என்று கேட்டதும், பவுன்டி கப்பல் கலகத்தில் சிக்கிய பிளை என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அவர் வில்லியம் பிளை. குராசோவை முற்றுகையிட்டவர் ஜான் பிளை.

அக்கரைக்குப் போகுமுன் ஒரு விஷயம். இந்தத் தேவாலயம் ஆளுநர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உரியது. ஸ்னோவா வணிகக் குடும்பங்களுக்கு உரியது. இரண்டு சபையிலும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மக்களைத் தங்களோடு சேர்ந்து ஜெபிக்க இரு சபையினருமே கூப்பிடவில்லை. அவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் கத்தோலிக்கப் பாதிரியார்கள். டச்சு ஆட்சியில் இருந்தும் இந்தத் தீவில் பெரும்பாலோர் கத்தோலிக்கராக இருப்பது அதனால்தான். நாம் இப்போது போவது அந்த மக்களின் கோவிலுக்கு.

படி 3: மிதக்கும் பாலம்

கோட்டையிலிருந்து வெளியே வந்தால் வலப்பக்கம் ஹாண்டல்ஸ்காட, நீரோரமாக வரிசையாக நிற்கும் பல வண்ண வீடுகள். 1997ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த நகரம் இது. மூலையில் இருக்கும் பென்ஹா கட்டடம் 1708ஐச் சேர்ந்தது. இக்கரையில் இருந்து படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், நல்ல படம் பாலத்தின் நடுவிலிருந்துதான் கிடைக்கும்.

ராணி எம்மா பாலம் 167 மீட்டர் நீளம். 1888ல் அமெரிக்கத் தூதராக இருந்த லெனார்ட் பர்லிங்டன் ஸ்மித் அமைத்தது. தூண்கள் கிடையாது, படகுகள் போன்ற மிதவைகளின்மேல் பலகை போட்டிருக்கிறது. நடக்கும்போது காலடியில் மெல்ல அசையும். முதல் தடவை என்றால் கைப்பிடியை ஒட்டி நடங்கள், பத்தடியில் பழகிவிடும்.

தொடக்கத்தில் பாலத்துக்குச் சுங்கம் உண்டு. செருப்புப் போட்டவருக்கு இரண்டு சென்ட், வெறுங்காலோடு வருபவருக்கு இலவசம். ஏழைகளுக்குச் சலுகை என்று நினைத்துச் செய்த ஏற்பாடு. ஆனால் ஏழைகள் மானத்துக்குப் பயந்து செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கொடுத்தார்களாம், வசதியானவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா கடந்தார்களாம். ஊரில் இதை இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பலகைகளின்மேல் நடக்கும்போது இரவல் செருப்போடு போனவர்களைத்தான் நினைத்துக்கொண்டே போனேன்.

அப்புறம், இந்தப் பாலம் கப்பல் வந்தால் திறக்கும். மணி அடிக்கும், இருபக்கமும் கதவை மூடுவார்கள். புண்டா முனையில் உள்ள இயந்திரம் பாலத்தைத் தள்ள, முழுப் பாலமும் ஒட்ரோபாண்டா கரையோரமாகக் கதவு போலத் திரும்பிவிடும். கொடியைப் பாருங்கள்: ஆரஞ்சு என்றால் பாலம் சீக்கிரம் பழையபடி சேர்ந்துவிடும், நீலம் என்றால் நேரமாகும். நீலக்கொடி என்றால் காத்திருக்க வேண்டாம், ஹாண்டல்ஸ்காடவிலிருந்து இலவசப் படகு அக்கரைக்குப் போகும். திறக்கும்போது நீங்கள் பாலத்தின் மேலேயே இருந்தால் பயப்படாதீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், ஊர் உங்களைச் சுற்றித் திரும்பும்.

வடக்கே உயரத்தில் தெரிவது ராணி யூலியானா பாலம். 1974ல் அது வந்தபிறகு வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன, இது நடப்பவர்களுக்கு மட்டும் என்றானது.

படி 4: அக்கரை

பாலம் இறங்கினால் பிரியோன்பிளைன் என்ற திறந்த சதுக்கம். குராசோவில் பிறந்து, தென் அமெரிக்க விடுதலைப் போர்த் தலைவர் சிமோன் பொலிவாரின் கடற்படைத் தளபதியாக இருந்த லூயிஸ் பிரியோனின் பெயர். நிழலில் கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

வழி கேட்கும்போது கவனம்: பிரேடஸ்ட்ராட் என்ற தெரு இரு கரையிலும் இருக்கிறது. நமக்கு வேண்டியது ஒட்ரோபாண்டாவில் உள்ளது. 'சான்டா அனா' என்று கோவில் பெயரைச் சொல்லிக் கேட்டால் குழப்பமே வராது. சதுக்கத்திலிருந்து உள்ளே ஐந்தாறு நிமிட நடை. புண்டா போல மெருகேற்றிய தெரு இல்லை, சில வீடுகளில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். எனக்கு இந்தப் பக்கம்தான் பிடித்தது, ஆட்கள் வீட்டுவாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

படி 5: அன்னம்மாள் பசிலிக்கா

1752ல் கட்டிய கோவில், 1975ல் பசிலிக்கா தகுதி பெற்றது. அன்னம்மாள் மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. திருநாள் ஜூலை 26.

பூசை நடந்தால் பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள், படம் எடுக்க வேண்டாம். கதவு சாத்தியிருந்தால் பூசை நேரம் எது என்று பக்கத்தில் விசாரித்துவிட்டு அந்த நேரத்துக்கு வாருங்கள். முடிந்தால் பூசை நேரத்துக்கே வரும்படி நான் சொல்வேன். பாப்பியமென்டோ மொழியைக் காதால் கேட்கலாமே! 1824ல் இங்கே வந்த மார்ட்டினுஸ் நீவிண்ட் என்ற டச்சுக் குருவானவர், ஆட்சியாளரின் மொழியை விட்டுவிட்டு, அடிமைப்பட்ட மக்கள் பேசிய இந்த மொழியிலேயே ஞானோபதேசத்தை (கத்தோலிக்க மறைக்கல்வி நூலை) அச்சிட்டார். அடிமைமுறை ஒழிய 1863 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் பேச்சு அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுக்கு முன்னாலேயே அச்சேறிவிட்டது.

திரும்பும்போது வந்த வழியே வாருங்கள். மாலை வரை இருக்க முடிந்தால் பாலத்தின் வளைவுகளில் விளக்கு எரியும் நேரத்தில் கடங்கள். கொடியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.