மூன்று சக்கர பைக்குக்கு மாறும்போது மூத்த ரைடர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய டூரிங் பைக் ஓட்டுபவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். நெடுஞ்சாலையில் ஓடும்போது அவர்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. சிக்கல் நிற்கும்போதுதான். கிட்டத்தட்ட 400 கிலோ வண்டியை சிக்னலில் ஒற்றைக் காலில் தாங்க வேண்டும், பெட்ரோல் பங்கில் சரிவிலிருந்து பின்னால் தள்ள வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காத வயதில், பைக்கை விற்றுவிடலாமா, மூன்று சக்கரத்துக்கு மாறலாமா என்ற கேள்வி வருகிறது.

மாறுவது என்று முடிவு செய்தால் இரண்டு வழிகள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு இருப்பது வழக்கமான டிரைக். ஹார்லி டேவிட்சன் 1932 முதல் 1973 வரை செர்வி-கார் என்ற பெயரில் இந்த அமைப்பில் ஒரு வண்டியைத் தயாரித்தது. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பார்க்கிங் அபராதம் போடப் போன வண்டி அதுதான். அதே நிறுவனத்தின் டிரை கிளைட் 2009 மாடலாக விற்பனைக்கு வந்தது. ஹோண்டா கோல்டு விங்கின் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரம் பொருத்தித் தரும் கன்வர்ஷன் கடைகளும் உண்டு. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று இருந்தால் ரிவர்ஸ் டிரைக். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட பிஆர்பி நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த கேன்-ஆம் ஸ்பைடர்தான் இதில் பிரபலம். அதற்குத் தம்பி மாதிரி, விலை குறைவாக, ரைக்கர் பிறகு வந்தது.

எந்த மூட்டு வலிக்கிறது என்று பார்க்காமல் வாங்குவது

பெரும்பாலானவர்கள் தோற்றத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஹார்லிக்காரர் ஸ்பைடரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்; அது பனியில் ஓடும் ஸ்னோமொபைல் மாதிரி இருக்கிறது என்பார். ஆசைப்பட்டு வாங்கும் வண்டி, பிடித்ததாக இருக்கட்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மூன்றாவது சக்கரம் தீர்ப்பது ஒரே ஒரு பிரச்சினையை: நிற்கும்போது பேலன்ஸ் பிடிப்பது. கை, தோள், இடுப்பு, பாதம் எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

டிரை கிளைட்டில் இடது கையில் கிளட்ச், இடது காலில் கியர், வலது கையிலும் வலது காலிலும் பிரேக். பழகிய பைக் போலவேதான். விரல் மூட்டு வீங்கி, காலையில் டூத்பேஸ்ட் மூடியைத் திறக்கவே சிரமப்படுபவருக்கு நகர நெரிசலில் அந்தக் கிளட்ச் ஒரு தண்டனை. ஸ்பைடரின் செமி-ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் லீவரே கிடையாது. இடது கைப்பிடியில் கட்டைவிரலால் தள்ளினால் கியர் ஏறும், ஆள்காட்டி விரலால் இழுத்தால் இறங்கும். வேகம் குறைந்தால் தானாகவே இறங்கிக்கொள்ளும். ரைக்கரில் ஸ்கூட்டர் போல கியரே மாற்ற வேண்டாம்.

அப்படியானால் ஸ்பைடர்தான் சரி என்று கிளம்பிவிடாதீர்கள். அதில் கையால் பிடிக்கும் பிரேக் இல்லை. மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து வலது காலுக்குக் கீழே ஒரே ஒரு பெடல். வலது முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் இதை நன்றாக யோசிக்க வேண்டும். பெடல் மேல் கால் இருக்கிறதா என்றே தெரியாத பாதத்தை நம்பி ஒரே பிரேக்கை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிப்பட்டவருக்கு, கையிலும் பிரேக் உள்ள வழக்கமான டிரைக் பாதுகாப்பானதாக இருக்கலாம். இன்னொன்று: பழைய ஸ்பைடர்களில் கிளட்ச் உள்ள மேனுவல் கியர் மாடல்களும் வந்தன. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் விளம்பரப் படத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட வேண்டாம்.

ஷோரூமுக்குப் போவதாக இருந்தால், வலி இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு உற்சாகமாகப் போனால் எந்த வண்டியும் பொருந்தும். எஞ்சினை அணைத்துவைத்துவிட்டு கிளட்ச்சைத் தொடர்ந்து பிடித்துப் பிடித்து விடுங்கள், பிரேக் பெடலை முழுப் பலத்தோடு மிதியுங்கள், ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ஏறி இறங்குவதையும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வண்டி சாயாது என்பதால் ஃபுட்போர்டில் ஏறி நின்று காலை அந்தப் பக்கம் போடலாம். ஆனால் பின்சீட்டின் முதுகுச் சாய்மானம் உயரமாக இருந்தால் இடுப்பு வலிக்காரருக்கு அதுவே ஒரு மதில்.

நாற்பது வருஷ அனுபவத்தை நம்புவது

இரண்டு சக்கரத்தில் கொஞ்சம் வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை முன்னால் தள்ளுகிறோம். தெரிந்தோ தெரியாமலோ எல்லா ரைடரும் இதைத்தான் செய்கிறார்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். டிரைக்கில் அதே கைப்பிடியைத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் போகும். சாயாத வண்டியில் ஹேண்டில்பார் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பயணம். அமைதியாக ஓட்டும்போது மூளை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. குறுக்கே மான் ஓடிவரும்போது கை பழைய பழக்கத்துக்குப் போய்விடும். ரொம்ப நாள் பைக் ஓட்டியவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். புதிதாக வருபவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

அடுத்தது கால். நிற்கப்போகும்போது காலைக் கீழே வைப்பது ஊறிய பழக்கம். வழக்கமான டிரைக்கில் உங்கள் குதிகாலுக்கு நேர் பின்னால் ஒரு சக்கரம் உருண்டு வந்துகொண்டிருக்கிறது. கீழே வைத்த பாதத்தின் மேல் அது ஏறிவிடும். டிரை கிளைட்டின் எடை சுமார் 560 கிலோ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் டிரைக்கில் பின்சக்கரம் நடுவில் இருப்பதால் இந்தக் குறிப்பிட்ட ஆபத்து குறைவு. எதுவாக இருந்தாலும், வண்டி முழுதாக நிற்கும்வரை கால் மேலேயே இருக்கட்டும்.

தோளையும் மறக்கக் கூடாது. சாய்த்துத் திருப்பிய வண்டியை இப்போது கையால் இழுத்துத் திருப்ப வேண்டும். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் தோளும் மணிக்கட்டும் பேச ஆரம்பிக்கும். ஸ்பைடரில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உண்டு. கன்வர்ஷன் செய்யும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கோணத்தை மாற்றித் தரச் சொன்னால் ஸ்டீயரிங் லேசாகும். அதற்குத் தனிச் செலவு ஆகும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

மூன்று சக்கரம் இருக்கிறது, கவிழாது என்று நினைப்பது

ஆட்டோவில் போன நமக்கெல்லாம் இது தெரிந்திருக்க வேண்டும். டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் வளைத்தால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும். டிரைக்கும் அதே முக்கோணம்தான். வளைவில் நடுவழியில் பதறிப் பிரேக் போடும்போது எடை முன்னாலும் வெளிப்பக்கமும் சாய்கிறது. வழக்கமான டிரைக்கில் அந்த மூலையில் தாங்கிப் பிடிக்கச் சக்கரம் இல்லை. ரிவர்ஸ் டிரைக்கில் சரியாக அங்கேயே ஒரு சக்கரம் இருக்கிறது. வளைவில் பிரேக் பிடிக்கும் விஷயத்தில் ரிவர்ஸ் அமைப்பு மேலானது என்பதில் சந்தேகமே இல்லை. ஸ்பைடரில் இதற்கு மேல் ஒரு கணினியும் காவல் காக்கிறது: உள்சக்கரம் தூக்கப்போகிறது என்று கண்டால் எஞ்சின் சக்தியைக் குறைத்து, தேவையான சக்கரத்தில் பிரேக் போடும். இதை அணைத்துவைக்க வழி தேடும் ஆட்கள் இருக்கிறார்கள், ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் மழையில் கதை மாறுகிறது. ரிவர்ஸ் டிரைக்கைத் தள்ளுவது பின்னால் உள்ள ஒற்றைச் சக்கரம். ஸ்பைடரின் பின் டயர் 225 மில்லிமீட்டர் அகலம், கார் டயர் போலத் தட்டையானது. தேய்ந்த நிலையில் தேங்கிய நீரில் வேகமாக ஏறினால் தண்ணீர் மேல் மிதக்கும். இந்த டயர் சீக்கிரம் தேயவும் செய்யும். நடுப்பகுதியைக் குனிந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

பைக் ஓட்டுபவர்கள் லேனின் நடுப்பகுதியைத் தவிர்ப்பார்கள், கார்களிலிருந்து எண்ணெய் சொட்டும் இடம் அது. மூன்று சக்கரத்தில் அதைத் தவிர்க்க முடியாது. டிரைக்கில் திருப்பும் சக்கரம் அந்த எண்ணெய்மேல் ஓடும், ரிவர்ஸ் டிரைக்கில் உந்தும் சக்கரம். பள்ளமும் அப்படித்தான்: மூன்று தடத்தில் ஏதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும். முதுகுவலி உள்ளவர் கன்வர்ஷன் எடுத்தால் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இணைந்தவையா, தனித்தனி சஸ்பென்ஷனா என்று கேளுங்கள். ஒரே அச்சு என்றால், ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது சீட்டோடு சேர்த்து உங்களையும் பக்கவாட்டில் ஆட்டிவிடும்.

யமஹா நைக்கன், பியாஜியோ எம்பி3 போன்றவற்றைப் பார்த்து ஏமாறுபவர்களும் உண்டு. முன்னால் இரண்டு சக்கரம் இருந்தாலும் இவை பைக் போலச் சாய்ந்து திரும்புபவை. எம்பி3-இல் நிற்கும்போது சாயாமல் பூட்டும் வசதி இருக்கிறது. நைக்கனில் இல்லை; சிக்னலில் கால் ஊன்றாவிட்டால் சாய்ந்துவிடும். முழங்காலுக்காக மாறுகிறவருக்கு அது எந்த உதவியும் செய்யாது. போலாரிஸ் ஸ்லிங்ஷாட் வேறு ரகம், காரைப் போல ஸ்டீயரிங்கும் பக்கத்துப் பக்கத்தில் சீட்டும். நிலையாக நிற்கும். ஆனால் தரையோடு தரையாக இருக்கும் அந்த சீட்டிலிருந்து எழுந்திருப்பதுதான் பாடு.

மற்றவை

கழுத்தைத் திருப்பி ஓரத்தைப் பார்க்க முடியாதது, இரவில் எதிர் விளக்கு கூசுவது, ரத்த அழுத்த மாத்திரையால் வரும் தலைசுற்றல், இவற்றுக்கும் சக்கர எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. சீட் பெல்ட்டோ கூரையோ இல்லாத வண்டிதான் டிரைக்கும்.

மனைவியோ கணவரோ பின்னால் வருவதாக இருந்தால் அவர்களையும் ஏற்றிப் பாருங்கள், அவர்களுக்கும் உங்கள் வயதுதான். கராஜ் வாசலை அளந்துவிடுங்கள்: டிரை கிளைட் சுமார் 1.4 மீட்டர் அகலம், ஸ்பைடர் சுமார் 1.5. பல அமெரிக்க நகரங்களில் இரண்டு வகையும் வாடகைக்குக் கிடைக்கின்றன. டிரை கிளைட் 30,000 டாலருக்கு மேல் போகும் நிலையில் ஒரு முழுநாள் வாடகை பெரிய செலவில்லை.

லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் கார் லைசென்ஸோடு இவற்றை ஓட்டலாம். வேறு பல மாநிலங்களில் தனி அனுமதி வேண்டும். மூன்று சக்கரத்தில் டெஸ்ட் கொடுத்தால் மூன்று சக்கரத்துக்கு மட்டும் என்று குறித்துத் தருவார்கள். மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் நடத்தும் மூன்று சக்கரப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. ஏற்கனவே பைக் லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் அதில் சேரலாம். கைப்பிடிப் பழக்கத்தை அவிழ்க்க, கார்கள் இல்லாத வெறும் மைதானம் கிடைக்கும்.