அழகுசாதன நிறுவனத்தைப் புறக்கணிக்க முடிவெடுத்தவர் செய்ய வேண்டியவை

ஒரு நிறுவனத்தின் முகப்பூச்சை வாங்காமல் விட்டுவிடுவது எளிது. ஆனால் அது மட்டுமே புறக்கணிப்பு ஆகிவிடாது. காரணத்தைச் சொல்லாமல் விலகும் வாடிக்கையாளரை, ரசனை மாறியவர் என்றோ போட்டியாளரின் விளம்பரத்தில் மயங்கியவர் என்றோதான் விற்பனைத் துறை கணக்கில் எழுதிக்கொள்ளும். ஆகவே முதல் வேலை, நிறுவனத்திடம் நீங்கள் கேட்பது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பது. "விலங்குகளைத் துன்புறுத்தாதீர்கள்" என்பது வேண்டுகோள். அதற்கு எந்த நிறுவனமும் புன்னகையோடு தலையசைத்துவிடும். "மூலப்பொருள் வழங்குவோர் உட்பட எந்த நிலையிலும் விலங்குச் சோதனை நடக்கவில்லை என்பதை வெளியார் தணிக்கைக்கு உட்படுத்துங்கள்" என்பது கோரிக்கை. அதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

கோரிக்கை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு வலிமை பெறும் என்பதற்கு அமெரிக்க விலங்குரிமைச் செயற்பாட்டாளர் ஹென்றி ஸ்பைரா நடத்திய இயக்கத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அழகுசாதனங்களுக்காக முயல்களின் கண்ணில் வேதிப்பொருளை இட்டு எரிச்சலை அளக்கும் டிரெய்ஸ் சோதனையை எதிர்த்து, 1980 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும் முழுப்பக்க விளம்பரம் ஒன்றை அவர் தரப்பு வெளியிட்டது. சோதனையை அன்றே நிறுத்த வேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை; மொத்த வருவாயில் 0.01 சதவீதத்தை மாற்று முறைகளைக் கண்டறியும் ஆய்வுக்கு ஒதுக்குங்கள் என்றுதான் கேட்டார். மறுப்பதற்கு நியாயம் தேட முடியாத அளவுக்குச் சிறிய தொகை அது. அந்த ஆண்டு முடிவதற்குள் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கு 7,50,000 டாலர் தர ரெவ்லான் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டிலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுச் சோதனை முறைகளுக்கான மையம் ஒன்று அழகுசாதனத் துறையின் பணத்தில் தொடங்கியது.

தளர்வான கோரிக்கைக்குத் தளர்வான பதிலே வரும். நிறவெறியை வளர்க்கும் சிவப்பழகு களிம்புகளுக்கு எதிரான குரல் 2020இல் வலுத்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் அத்தகைய தயாரிப்பு வரிசைகள் இரண்டை விற்பதையே நிறுத்தியது. யூனிலீவரோ 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றியது. பெயர் மாறினால் போதுமா, விளம்பரத்தின் செய்தி மாற வேண்டுமா, பொருளே கடையிலிருந்து போக வேண்டுமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாதவர், நிறுவனம் பாதி வழி இறங்கி வரும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்.

அடுத்து, யாரைப் புறக்கணிக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மேபலின், கார்னியர், லான்கோம், நிக்ஸ், செராவே எல்லாம் லோரியாலுக்குச் சொந்தமானவை. மேக், கிளினிக், பாபி பிரவுன் ஆகியவை எஸ்டே லாடரின் குடையின் கீழ் இருப்பவை. நிறுவனங்கள் கைமாறுவதும் அடிக்கடி நடக்கிறது: அனிதா ரோடிக் 1976இல் தொடங்கிய தி பாடி ஷாப் 2006இல் லோரியாலிடம் போனபோது, விலங்குச் சோதனையை எதிர்த்தே பெயர் பெற்ற கடையைப் பலர் புறக்கணிக்கத் தொடங்கினர், 2017இல் அது பிரேசிலின் நாட்டுராவிடம் சென்றது. ஆகவே பழைய பட்டியலை நம்பாமல், தாய் நிறுவனத்தின் இணையதளத்திலோ ஆண்டறிக்கையிலோ உள்ள பிராண்ட் பட்டியலைப் பாருங்கள். தாய் நிறுவனத்தை ஏற்காமல் அதன் நல்ல கிளையிடம் மட்டும் வாங்கலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. லாபம் போகும் இடமே உங்களை உறுத்துகிறது என்றால் முழுக் குழுமத்தையும் தவிர்ப்பதே பொருந்தும். நடைமுறை மாற வேண்டும் என்பதே நோக்கம் என்றால், சான்று பெற்ற கிளையிடம் வாங்குவதும் தலைமையகத்துக்கு ஒரு செய்திதான். என் சாய்வு இரண்டாவதன் பக்கம். எதைத் தேர்ந்தாலும், தள்ளுபடி விற்பனை வரும்போது கொள்கையை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது பொறுமை வேண்டும். "இறுதிப் பொருள் விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை" என்ற வாசகம் உட்பொருள்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. சோதனை பெரும்பாலும் நடப்பது அங்கேதான். "தோல் மருத்துவர் மேற்பார்வையில் சோதிக்கப்பட்டது" என்பது மனிதத் தோலில் நடந்த சோதனையைக் குறிப்பது. விலங்குகளைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. விலங்குச் சோதனை இல்லை என்று காட்ட அட்டையில் இடும் முயல் படங்களிலும் வேறுபாடு உண்டு. லீப்பிங் பன்னி முத்திரைக்கு நிறுவனம் ஒரு தேதியை நிர்ணயித்து, அதன்பின் மூலப்பொருள் வழங்குவோர் வரை சோதனை இல்லை என்று கண்காணித்து, வெளியார் தணிக்கைக்கும் இணங்க வேண்டும். பீட்டாவின் பட்டியல் பெரும்பாலும் நிறுவனம் எழுதித் தரும் உறுதிமொழியின் அடிப்படையில் அமைவது. நிறுவனத்தின் ஓவியரே வரைந்த முயலுக்கு எந்தப் பொருளும் இல்லை. 'வீகன்' என்ற சொல்லும் தனி விஷயம்: விலங்குச் சோதனை செய்யாத லிப்ஸ்டிக்கில் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு (உட்பொருள் பட்டியலில் சி.ஐ. 75470 என்ற நிற எண்) இருக்கலாம், விலங்குப் பொருள் ஏதுமில்லாத களிம்பு விலங்கின் மீது சோதிக்கப்பட்டும் இருக்கலாம்.

எந்த நாட்டில் விற்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் 11 முதல் விலங்குச் சோதனைக்கு உட்பட்ட அழகுசாதனங்களின் விற்பனைக்கே தடை விதித்தது. இந்தியா 2014இல் சோதனையையும் அத்தகைய இறக்குமதியையும் தடை செய்தது. சீனாவில் நிலைமை வேறு: இறக்குமதியாகும் பொது வகைப் பொருள்களுக்குக் கட்டாய விலங்குச் சோதனையிலிருந்து நிபந்தனைகளோடு விலக்கு வந்தது 2021 மே 1 முதல்தான்; தலைமுடிச் சாயம், வெயில்தடுப்புக் களிம்பு போன்ற சிறப்பு வகைகள் அதில் சேரவில்லை. "சட்டம் கோரும் இடங்களைத் தவிர நாங்கள் சோதிப்பதில்லை" என்ற பதிலின் முழு எடையும் அந்தத் "தவிர" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

எல்லாப் பிரச்சினைக்கும் புறக்கணிப்பே மருந்தல்ல. ஐ-ஷேடோவிலும் ஹைலைட்டரிலும் மினுக்கம் தரும் மைக்கா என்ற கனிமம், உட்பொருள் பட்டியலில் சி.ஐ. 77019 என்று இருக்கும். ஜார்க்கண்ட், பீகார், மடகாஸ்கர் ஆகிய இடங்களில் அதைத் தோண்டியும் பொறுக்கியும் எடுப்பவர்களில் குழந்தைகளும் உண்டு. அதற்குப் பதிலாக ஆலையில் உருவாக்கும் செயற்கை மைக்காவான ஃபுளோர்ஃப்ளோகோபைட்டுக்கு மாறினால் வாங்குபவரின் மனம் அமைதியடையலாம். ஆனால் மைக்காவை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இருந்த ஒரே வருமானமும் போகும், குழந்தை வேறொரு வேலைக்குப் போகும். இங்கே "மைக்காவை விடுங்கள்" என்பதைவிட, எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று தடம் காட்டுங்கள், பெரியவர்களுக்கு வாழத்தக்க கூலி கொடுங்கள் என்று கேட்பதே சரி. 2017இல் தொடங்கிய ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ் இந்த வழியில் செல்லும் கூட்டமைப்பு; உங்கள் நிறுவனம் அதில் உறுப்பினரா, இதுவரை என்ன செய்திருக்கிறது என்று கேட்கலாம்.

இவ்வளவும் தெரிந்தபின் கடிதம் எழுதுங்கள். எந்தப் பொருளை இதுவரை வாங்கிவந்தீர்கள், எதற்காக நிறுத்துகிறீர்கள், எது நடந்தால் மீண்டும் வாங்குவீர்கள் என்ற மூன்றும் இருந்தால் போதும். கோபத்துக்கு இடம் தேவையில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பும் மின்னஞ்சலின் நகலை முதலீட்டாளர் தொடர்புப் பிரிவுக்கும் அனுப்புங்கள், ஏனென்றால் அங்கே புகார்களை வேறு கண்ணோடு படிப்பார்கள். கடையில் நிற்கும் விற்பனைப் பணியாளரிடம் சண்டை போடாதீர்கள். கொள்கையை வகுத்தவர் அவர் அல்லர்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பதைத் தீரும்வரை பயன்படுத்துங்கள். பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, தூக்கி எறிந்தால் குப்பைதான் கூடும். மருத்துவர் எழுதித் தந்த களிம்பை அவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

பிறரையும் சேர்க்க விரும்பினால், பகிரும் தகவலின் தேதியை முதலில் பாருங்கள். பட்டியல்கள் பழையதாகிப்போன பிறகும் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்; ஒரு பொய்க் குற்றச்சாட்டு அகப்பட்டால் நிறுவனம் அதை மட்டும் மறுத்துவிட்டு மற்ற எல்லாவற்றிலிருந்தும் நழுவிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்தின் கொள்கைப் பக்கத்தையும் சான்றளிக்கும் அமைப்பின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோரியது நிறைவேறியிருந்தால், அதைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, அந்தப் பொருள் தேவைப்படும்போது மீண்டும் வாங்கத் தொடங்குங்கள்.