சாமைச் சோறு ஏன் களியாகிறது?

சிறுதானியத்துக்கு மாறப் போகிறேன் என்று ஆரம்பித்து இரண்டே வாரத்தில் விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். கேட்டால், "தொண்டையில் இறங்க மாட்டேங்குது" என்பார்கள். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய சமயத்தில் எங்கள் தெருக் கடையிலும் சாமை, வரகு, தினை, குதிரைவாலி பாக்கெட்டுகள் வரிசை கட்டி நின்றன. வாங்கியவர்களில் பலர் அரிசி வைக்கிற அதே கணக்கில் குக்கரை ஏற்றினார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அதற்கும் முன்னால், கடையிலேயே ஒரு தவறு நடந்துவிடுகிறது. பளிச்சென்று வெள்ளையாக இருக்கிற சாமையைத்தான் கை தேடும். அந்த வெண்மை தவிட்டைத் தீட்டி எடுத்ததால் வருவது. நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். கொஞ்சம் மங்கலாக, பழுப்பு சாயலோடு இருப்பதை வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத தானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே அரைக் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். கம்பு மாவு இன்னும் மோசம், அரைத்த சில நாளிலேயே கசக்கும். கம்பை வாரத்துக்கு ஒருமுறை அரைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது கல். பாக்கெட்டில் 'சுத்தம் செய்தது' என்று போட்டிருந்தாலும் அரிக்காமல் உலையில் போடாதீர்கள். ஒரு வாய் நறநறத்தால் போதும், வீட்டில் குழந்தைகள் அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். என் அம்மா இரண்டு பாத்திரம் வைத்துக்கொண்டு அரிப்பார். தண்ணீரில் தானியத்தை லேசாகச் சுழற்றி, மேலே எழும்புவதை மட்டும் அடுத்த பாத்திரத்துக்குச் சாய்ப்பார். மறுபடி தண்ணீர், மறுபடி சுழற்றல். ஐந்தாறு முறைக்குப் பிறகு அடியில் ஒரு சிட்டிகை மணல் தங்கியிருக்கும். ஐந்து நிமிடம் பிடிக்கும் வேலை, அவ்வளவுதான்.

சரி, இனி தண்ணீர். சிறுமணியாக இருப்பதால் சீக்கிரம் வெந்துவிடும் என்று ஊற வைக்காமலே போடுகிறார்கள். மேலே குழைந்து, உள்ளே நறுக்கென்று நிற்கும். அரை மணி நேரம் ஊறட்டும். ஊறிய சாமை, வரகு ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், குக்கரில் இரண்டு விசில். தினைக்கு அரை டம்ளர் கூட ஊற்றலாம். மூன்று, நான்கு விசில் விட்டால் களிதான். முழுக் கம்புக்கு இந்தக் கணக்கு உதவாது. அதை இரவே ஊற வைத்து, காலையில் தண்ணீர் வடித்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு உடைத்துத்தான் வேக வைக்க வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஆவி அடங்கிக் குக்கரைத் திறந்ததும் கரண்டியை விட்டுக் கிளறுவது. அந்தச் சூட்டில் மணி மெத்தென்று இருக்கும், கிளறினால் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திறந்தபடி பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, முள் கரண்டியால் ஓரத்திலிருந்து கிளப்பிவிட்டால் பொலபொலவென்று வரும். ரொம்ப ஆறவும் விடக் கூடாது, விறைத்துப்போகும்.

சோறு நன்றாக அமைந்தும் சாப்பாடு ருசிக்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற குழம்பைப் பாருங்கள். பருப்பு, காய் வேகுமுன்பே புளியைக் கரைத்து ஊற்றிவிடுவது பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. புளிப்பு ஏறினால் காய் மெத்தென்று வேகாது. பருப்பும் குழையாமல் நிற்கும். வெந்த பிறகுதான் புளி. கீரையை மூடி போட்டு வேக வைத்தாலும் இப்படித்தான், ஆவியோடு வெளியேற வேண்டிய அமிலம் உள்ளேயே தங்கிப் பச்சை நிறம் பாசி நிறமாகிவிடும். திறந்து வைத்து, நல்ல தணலில், சீக்கிரம் இறக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவாதீர்கள், கழுவிய பிறகு நறுக்குங்கள்.

மசாலாப் பொடியை அள்ளிப் போட்டால் ருசி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாமைச் சோற்றுக்கு ஒரு கீரைக் கடைசலும் ஒழுங்கான தாளிப்பும் போதும். எண்ணெய் காய்ந்து, கடுகு முழுதும் வெடித்த பிறகு உளுத்தம்பருப்பு, அது சிவக்கும்போது மிளகாய், அடுப்பை அணைத்துவிட்டுப் பெருங்காயமும் கறிவேப்பிலையும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் கடுகு வெடிக்குமுன் மிளகாய் கருகியிருக்கும்.

சிறுதானியம்தானே என்று தட்டு நிறைய வைத்துக்கொள்வதும் தவறு. சமைக்காத வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையிலும் சுமார் 65 கிராம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய சோற்றைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் மோரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, நாலு சின்ன வெங்காயத்தை உரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் விறைத்த சாமை அந்தத் தண்ணீரில் மறுபடி இளகியிருக்கும்.