செஞ்சிக் கோட்டை: ஒரே நாளில் ராஜகிரி ஏறி இறங்க

செஞ்சி வரைக்கும் வந்தும், கோட்டையின் மிக உயரமான மலையான ராஜகிரியின் உச்சியைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் காரணம் கால் வலு இல்லை, கடிகாரம்தான். பதினொரு மணிக்கு வந்து, கல்யாண மகாலில் படம் எடுத்து, ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அடிவாரத்துக்குப் போனால் காவலர் மேலே விடமாட்டார். இருட்டுவதற்குள் எல்லாரையும் இறக்கியாக வேண்டும் என்பதால் பிற்பகல் இரண்டரை, மூன்று மணி வாக்கில் ஏற்றத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையில் முதல் வேலையாக ராஜகிரி ஏறுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் போவது என்பதையும் யோசிக்க வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். ஏப்ரல், மே மாதங்களில் பாறை பத்து மணிக்கே சுட ஆரம்பித்துவிடும், அப்போது போகவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் படிகளில் பாசி பிடித்து வழுக்கும். முதல் நாள் இரவு நல்ல மழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நாள்காட்டியில் பௌர்ணமி, அமாவாசை இரண்டையும் தவிர்ப்பது நல்லது. பௌர்ணமிக்கு இந்தச் சாலை முழுக்கத் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம், அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டம். அந்த நாட்களில் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைக்காது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்தைப் பிடிக்கலாம். ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம், ஆகவே ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ரயிலில் வருவதானால் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து 28 கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டும். புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். செஞ்சி பேருந்து நிலையத்திலேயே இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு வேண்டியதையும் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டை அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோக்காரரிடம் "ராஜா கோட்டை" என்றால் ராஜகிரி, "ராணி கோட்டை" என்றால் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரி. வாங்கிய டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கிருஷ்ணகிரி வாசலிலும் கேட்பார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ராஜகிரிக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கிருஷ்ணகிரியும் ஏறுவதாக இருந்தால் இன்னும் ஒரு லிட்டர். மேலே விற்பவர் யாரும் இல்லை, சுனைகளில் இருப்பது குடிக்கிற தண்ணீரும் இல்லை. ஆளுக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தொப்பி, ஒரு துண்டு. காலுக்குப் பிடிமானமுள்ள ஷூ. ரப்பர் செருப்பு ஏறும்போது தாங்கும், இறங்கும்போது வாரிவிடும்.

குரங்குகள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். அவை பிளாஸ்டிக் கவரின் சரசரப்பைக் கேட்டே வந்துவிடும். கையில் தொங்கும் பை, தோளின் வெளிப்பக்கம் செருகிய பாட்டில், கையில் பிடித்த பிஸ்கட் பாக்கெட் எல்லாமே பறிபோகும். சாப்பாடு, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் ஜிப் உள்ள, உள்ளே இருப்பது தெரியாத முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். குரங்கு பையைப் பிடித்து இழுத்தால் படியில் நின்றுகொண்டு மல்லுக்கட்டாதீர்கள். கடியையும் கீறலையும் விட, அந்த இழுபறியில் நிலைதடுமாறி விழுவதுதான் பெரிய ஆபத்து. ஒருவேளை கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கேளுங்கள்.

ஏற்றம்

ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர், படிகள் ஆயிரத்துக்கு மேல். நிதானமாக ஏறினால் ஒன்றேகால் மணி நேரம், குழந்தைகளோடு என்றால் இரண்டு மணி நேரம். தொடக்கத்தில் மர நிழலும் அகலமான கற்படிகளும் இருப்பதால் எல்லாரும் வேகமாக ஏறிவிடுகிறார்கள். பிறகு பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு தடைப்பட்டால் வேகத்தைக் குறையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்குக் குடியுங்கள்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். முதல் நீண்ட ஓய்வுக்கு ஏற்ற இடம் அது. அதற்கு மேலே நிழல் குறைந்துகொண்டே போகும், படிகளும் செங்குத்தாகும். தலைவலி, உடல் சில்லிடுவது, வியர்வை நின்றுபோவது, பேச்சு குழறுவது இவற்றில் எது தெரிந்தாலும் அதற்கு மேல் ஏற்றம் கிடையாது. அவரை நிழலில் உட்கார வைத்துத் துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். தெளிந்த பிறகு கூடவே ஒருவர் கீழே அழைத்துப் போக வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும். பிளவின் அகலம் சுமார் 7 மீட்டர், ஆழம் 18 மீட்டர். இப்போது பாலத்தில் சாதாரணமாக நடந்து கடக்கிறோம். அன்றைக்கு இங்கே இருந்தது தேவைப்பட்டால் விலக்கிவிடக்கூடிய மரப்பாலம். பாலத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஏறி வந்த படியிலிருந்து எதிர்ப்பக்க வாசலுக்குப் போக வேறு வழியே கிடையாது, வாசலும் ஒடுக்கமானது. 1690-இல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயத் தளபதி சுல்பிகர் கானால் 1698-இல்தான் செஞ்சியைப் பிடிக்க முடிந்தது. அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பித்துப் போய்விட்டார். எட்டு ஆண்டு ஏன் ஆயிற்று என்பது இந்த இடத்தில் நிற்கும்போது விளங்கும். மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சியை யுனெஸ்கோ 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. அரை மணி நேரம் போதும். காற்று பலமாக அடிக்கும் இடம், மதிலின் விளிம்பில் ஏறி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். இடி கேட்டால் உடனே இறங்குங்கள், மணிக்கூண்டடியில் ஒதுங்காதீர்கள். பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு தென்பட்டால் சத்தம் போடாமல், புகை பிடிக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

இறங்கும்போதுதான் கால் பிசகும். பழைய படிகள் ஒரே உயரத்தில் இல்லை, நடுப்பகுதி தேய்ந்து மழுங்கியும் இருக்கும். படியின் ஓரமாக, பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்கினால் முட்டிக்குப் பாரம் குறையும்.

மதியமும் கிருஷ்ணகிரியும்

வெயில் உச்சிக்கு வரும்போது கீழ்க்கோட்டைக்குள் இருங்கள். கல்யாண மகால், குதிரை லாயங்கள், வளைவுக் கூரை போட்ட பெரிய களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. களஞ்சியத்துக்குள் நுழைந்தாலே சூடு தணிவது தெரியும், அவ்வளவு தடிமனான சுவர். சாதத்துல்லா கான் மசூதியையும் வேங்கடரமணர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கோயிலின் தூண்கள் சில பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தன. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான்.

கிருஷ்ணகிரி உயரம் குறைவு என்று எளிதாக எடைபோட்டுவிட வேண்டாம். படிகள் செங்குத்தாகவும் நிழலே இல்லாமலும் இருக்கும், ராஜகிரி ஏறிய காலுக்கு அது தனிச் சோதனை. மேலே எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு, குவிமாடத்தோடு ஒரு தர்பார் மண்டபம் இருக்கின்றன. அந்த மண்டபத்து வளைவுகளின் வழியே ராஜகிரி முழுவதும் தெரியும். தெம்பும் ஒரு லிட்டர் தண்ணீரும் மிச்சமிருந்தால், வாசலில் ஏற விடுகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். இல்லையென்றால் சிங்கவரம் போகலாம். செஞ்சிக்குப் பக்கத்திலேயே பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குகையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார், ஏற வேண்டிய படிகளும் ராஜகிரியைவிட மிகக் குறைவு. சந்திராயன் துர்க்கம் என்ற மூன்றாவது மலையில் புதர் மண்டிக் கிடக்கிறது, ஒரு நாள் பயணத்தில் அதைச் சேர்க்க வேண்டாம்.

நாலரைக்குள் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருவண்ணாமலையிலிருந்து வரும் சென்னைப் பேருந்துகள் செஞ்சிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். அவற்றுக்காகக் காத்திருக்காமல் கிடைக்கிற வண்டியில் திண்டிவனம் போய் அங்கே மாறினால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.